தமிழுக்கு முதல் ‘கலர் புதையல்’ காட்டியவர்: யார் இந்த டி.ஆர்.சுந்தரம்?

குகைக்குள்ள குவிஞ்ச தங்கம், கூடவே காதல், கொஞ்சம் காமெடி. தமிழில் புதையல் படம்னா சட்டென்று நினைவுக்கு வருவது ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. எடுத்தவர் டி.ஆர்.சுந்தரம்.

1907-ல் பிறந்தவர். ஜவுளிக் குடும்பம். இங்கிலாந்தின் லீட்ஸுக்கு ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கப் போனவர், கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்து திரும்பினார். ஆனால் இறங்கியது சினிமாவில்! 1930-களில் சேலத்தில் ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ தொடங்கினார். மில் மாதிரியே நேரம், கணக்கு, கறார். மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ (1938), பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தம புத்திரன்’ (1940) எல்லாம் இவர் தயாரிப்புதான்.

1956 பொங்கலுக்கு வந்தது அலிபாபா. ஊருக்கே தெரிந்த அரபுக் கதை, சஸ்பென்ஸே கிடையாது. ஆனால் தங்கம் தங்க நிறத்திலேயே மின்னுவதை ஒரு தமிழ்ப் படம் முழுக்க அதுவரை யாரும் பார்த்ததில்லையே! தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக, கேவா கலரில் எடுத்தார். எம்.ஜி.ஆரின் பேராசைக்கார அண்ணனாக வந்தது அவரது சொந்த அண்ணன் சக்கரபாணி. நம்மைக் கேட்டால், குகையைவிட பானுமதியின் துடுக்குத்தனம்தான் படத்தின் உண்மையான புதையல்.

சுந்தரம் 1963-ல் மறைந்தார். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவை ஏற்காடு சாலையோரம் இப்போதும் பார்க்கலாம்.