கதிரையிலிருந்து வீட்டைக் கண்டவர்

கட்டடக்கலை பயிலும் எமது மாணவர்கள் புகழ்பெற்ற கதிரைகளையும் வழமைக்கு மாறான வீடுகளையும் மேல்நாட்டு நூல்களிலே தேடுகின்றனர். அவ்விரண்டிலும் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் இந்நாட்டிலேயே வாழ்ந்து மறைந்தார். அவர் அமைத்த வீடு புங்குடுதீவு மடத்துவெளியின் பழைய வீடுகளுக்கு உறவுமுறையானது என்பதுதான் எம்மவர் பலர் அறியாதது.

ஜெப்ரி பாவா 1919 ஜூலை 23 ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம். தாயார் பறங்கியர் சமூகத்தவர். தந்தையைப் போலவே சட்டம் பயின்றார், அத்தொழில் ஒட்டவில்லை. நெடும் பயணங்களின் பின், இத்தாலியில் வீடு வாங்கும் எண்ணத்தையும் கைவிட்டு, 1948 இல் பெந்தோட்டைக்கு அருகே ஓர் இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதுவே லுணுகங்கை. நினைத்தவாறு அதனை அமைக்கத் தமக்குப் போதிய அறிவில்லை என்று கண்டு, லண்டன் சென்று கட்டடக்கலை கற்றார். தகைமை பெற்றபோது வயது 38. பட்டம் பெற்ற மறுநாளே தொழில் எங்கே என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனைக் கவனிக்கலாம்.

மனிதர் எங்கே அமர்வார், அமர்ந்தால் கண் எங்கே செல்லும் என்பதே அவரது முதற் கேள்வி. லுணுகங்கைத் தோட்டமெங்கும் இருக்கைகளை இட்டார். ஆங்காங்கே மணிகளைத் தொங்கவிட்டார்; ஒலியைக் கொண்டே அவர் எவ்விடத்தில் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பணியாளர் அறிந்துகொள்வர். வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு வாவியும் தொலைவிலுள்ள தாதுகோபுரமும் தெரியவேண்டும் என்பதற்காகக் குன்றின் உச்சியையே தாழ்த்தினார். கதிரை என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது; அதற்கு முன்னர் எமக்குத் திண்ணை இருந்தது. பாவாவின் வீடுகளிலோ கதிரையும் உண்டு, சுவரோடு சேர்த்துக் கட்டிய திண்ணை போன்ற இருக்கையும் உண்டு.

1962 இல் கொழும்பிலே ஈனா டி சில்வாவுக்கு அவர் அமைத்த வீடு பெரும் வியப்பை ஏற்படுத்தியது. தோட்டத்தின் நடுவே பங்களா என்ற ஆங்கிலேயர் வழக்கம் தலைகீழாயிற்று. வெளியே மதில், உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி விறாந்தை, மேலே ஓட்டுக்கூரை. கொழும்பார் இதனைப் புதுமை என்றனர். தீவகத்தாரோ இதனை நாற்சார் வீடு என்பர். காற்றும் வெளிச்சமும் மழைநீரும் முற்றத்தின் வழியே வந்து சேரும் அந்த வீடுகளில் பல, 1991 இல் மக்கள் இடம்பெயர்ந்த பின்னர் ஆளின்றிக் கிடந்தன. கூரை போயிற்று, கதவு நிலைகள் போயின. மீண்டு வந்தோரும் புலம்பெயர்ந்தோரும் இன்று அவ்விடத்தில் பெட்டி போன்ற கொங்கிறீற் வீடுகளை எழுப்புகின்றனர். அவர்களைக் குறைகூற முடியாது. பழைய வேலை தெரிந்த தச்சரும் அருகிவிட்டனர். ஆயினும் நண்பகல் வெயிலில் அவ்வீடுகளுக்குள் இருந்தவர்களுக்கு வேறுபாடு தெரியும்.

பாவா தனித்து உழைத்தவரல்லர். தமிழரான பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம் நெடுங்காலம் அவரது நிறுவனப் பங்காளி. இளம் கலைஞர்களான லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம் ஆகியோரும் அவரோடு பணியாற்றினர். கொழும்பு பேரை வாவியிலுள்ள பௌத்த சீமா மாளிகை அவரது வடிவமைப்பு. கட்டுவதற்குப் பொருள் தந்தவர்கள் மகனை இழந்த முஸ்லிம் தம்பதியர். மதுரையில் ஒரு கிளப் கட்டடமும், 1982 இல் திறக்கப்பட்ட கோட்டே பாராளுமன்றமும், கந்தளம விடுதியும் அவரைத் தொலைவிலும் அறியச் செய்தன. முஸ்லிம் சமூகங்களின் கட்டடக்கலையைப் போற்றும் ஆகா கான் விருதின் தலைவர் பரிசு 2001 இல் அவருக்குக் கிடைத்தது. எகிப்தின் ஹசன் பத்தி, ஈராக்கின் ரிபாத் சாதிர்ஜி ஆகியோரின் பின் அதனைப் பெற்ற மூன்றாமவர் அவர்.

1998 இல் பக்கவாதம் அவரைச் சக்கரக் கதிரையில் அமர்த்தியது. 2003 மே 27 இல் காலமானார். லுணுகங்கையிலேயே தகனம் செய்யப்பட்டார். பின்னர் ஈனாவின் காணி கைமாறியபோது அந்த வீட்டை எவரும் இடித்தெறியவில்லை. கல்லும் தூணும் நிலையும் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, லுணுகங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, முற்றத்தோடு மீண்டும் பொருத்தப்பட்டன.