லாரூட்டுக்கு வந்த போலீஸ் அதிபர்

பாகான் செராயிலிருந்து செமாங்கோல், கமுண்டிங் வழியாகத் தைப்பிங் நகருக்குத் தொழில் நிமித்தமாகவும் உறவினரைக் காணவும் சென்று வருவோர் நம்மில் அநேகர். இவ்வழியில் இன்று அச்சமின்றிப் பயணம் செய்கிறோம். 150 ஆண்டுகளுக்கு முன் இந்த லாரூட் வட்டாரம் இரத்தக் களரியாக இருந்தது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அக்காலத்தில் போலீஸ் உத்தியோகத்தைத் துறந்து இங்கே வந்து, பேராக்கின் வரலாற்றில் தம் பெயரைப் பதித்துவிட்டுப் போன ஒரு மனிதரைப் பற்றி இவ்விதழில் எழுத விரும்புகிறோம். அவர்தாம் காப்டன் ட்ரிஸ்ட்ராம் ஸ்பீடி.

அன்னார் 1836-ஆம் ஆண்டில் வட இந்தியாவின் மீரட் நகரில், ஆங்கிலேய இராணுவ அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஆறரை அடியை எட்டும் உயரம்; மார்பில் புரளும் செந்தாடி. இந்தியப் பட்டாளத்தில் பணியாற்றிய பின், 1860-களின் தொடக்கத்தில் அபிசீனியா சென்று பேரரசர் தியோடரின் சேவகத்தில் சில காலம் இருந்தார். அந்நாட்டின் அம்ஹாரிக் மொழியைப் பேசக் கற்றுக்கொண்டார். பிறகு நியூசிலாந்துக்குப் போய் அங்கு நடந்த போரிலும் கலந்துகொண்டார். ஓரிடத்தில் தரித்து நிற்கும் சுபாவம் அவருக்கு இல்லை.

அபிசீனியா நமக்குப் புதிய பெயரன்று. மக்காவின் கொடுமை தாளாது வெளியேறிய ஸஹாபாக்களுக்கு, நஜ்ஜாஷி மன்னர் அபயம் அளித்த ஹபஷா நாடு அதுவே. அந்த நாட்டின் பேரரசர் தியோடர், விக்டோரியா மகாராணிக்குத் தாம் எழுதிய கடிதத்திற்குப் பதில் வராத கோபத்தில், ஆங்கிலேயப் பிரதிநிதியையும் பாதிரிமார்களையும் சிறையிலிட்டார். அவர்களை மீட்க 1868-இல் ஜெனரல் நேப்பியர் தலைமையில் பெரும்படை சென்றது. பம்பாயிலிருந்து 44 யானைகளும் போயின. படையில் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்களே. மொழி அறிந்தவர் என்பதால் ஸ்பீடி துபாஷியாக உடன் சென்றார்.

அவ்வாண்டு ஏப்ரல் 13-இல் மக்தலா கோட்டை வீழ்ந்தது. தியோடர் தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். கோட்டையிலிருந்த நூல்களும் பொக்கிஷங்களும் சூறையாடப்பட்டன. அவற்றோடு பேரரசரின் மகன் அலமாயு என்னும் ஏழு வயதுச் சிறுவனையும் ஆங்கிலேயர் அழைத்துச் சென்றனர். சிறுவனின் தாயும் வழியிலேயே இறந்தார். அந்த எத்தீம் பிள்ளைக்குத் தன் மொழியில் பேசத் தெரிந்த வெள்ளையராக ஸ்பீடி வாய்த்தார். அவரே பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். பிள்ளையும் அவரை விட்டு அகலாமல் ஒட்டிக்கொண்டது.

ஸ்பீடி மணமுடித்தபின், தம்பதியர் இருவரும் சிறுவனை உடன் வைத்துக்கொண்டே இந்தியாவுக்கு வந்தனர். அங்கே அயோத்தி மாகாணத்தில் போலீஸ் வேலை. பிறகு பினாங்குத் தீவின் போலீஸ் அதிபராக ஸ்பீடி மாற்றப்பட்டார். அபிசீனிய இளவரசரின் கால்களும் பினாங்கு மண்ணில் பதிந்தன. ஆனால் அரசகுமாரனுக்கு முறையான கல்வி இங்கிலாந்தில்தான் கிடைக்கும் என்று அங்குள்ள மந்திரிகள் தீர்மானித்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளை, பெற்றோர் ஸ்தானத்தில் இருந்தவரையும் பிரிய நேரிட்டது.

இதே காலத்தில் லாரூட்டில் ஈயம் பெருஞ்செல்வத்தையும், அதனால் பெரும்பகையையும் விளைத்துக்கொண்டிருந்தது. அதன் ஆட்சி, ஈயத் தொழிலை அங்கு வளர்த்த லோங் ஜாஃபரின் மகன் மந்திரி ஙா இப்ராஹீம் கையில் இருந்தது. சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு இரகசியச் சங்கங்களாகப் பிரிந்து, 1861 முதல் மீண்டும் மீண்டும் மோதினர். பேராக்கின் அரியணைப் போட்டியும் இதனோடு பின்னிக்கொண்டது. 1872-இல் மூண்ட சண்டையில் ஊர்கள் எரிந்தன, பெண்கள் சிறைபிடிக்கப்பட்டனர், கடற்கரையில் படகுக் கொள்ளை பெருகியது.

மந்திரியிடம் பணம் இருந்தது, படை இல்லை. ஆகவே 1873-இல் அவர் ஸ்பீடியை அழைத்தார். ஸ்பீடி அரசாங்க உத்தியோகத்தை இராஜினாமாச் செய்துவிட்டுக் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். சீக்கியரும் பட்டாணியரும் பஞ்சாபியருமாக 110 பேரைத் திரட்டி, க்ரூப் பீரங்கிகளுடன் லாரூட்டில் வந்திறங்கினார். நேற்றுவரை சட்டத்தின் காவலராக இருந்தவர், இன்று போரிடும் கட்சிகளில் ஒன்றன் கூலிப்படைத் தலைவரானார். இதை நாம் மறைப்பதற்கில்லை.

அவருடைய பீரங்கிகள் மந்திரியின் கையை வலுப்படுத்தின. ஆயினும் சண்டை ஓய்ந்தது பீரங்கியால் அன்று, பேச்சுவார்த்தையால்தான். 1874 ஜனவரி 20-இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சிறைப்பட்ட பெண்களை மீட்கவும், சுரங்க எல்லைகளை வகுக்கவும் ஒரு குழு காடு மேடெல்லாம் சுற்றியது. கிளியான் பாவ் ஹாய் சானுக்கு, கிளியான் பாரு கீ ஹினுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். முன்னது தைப்பிங் ஆயிற்று. பின்னது கமுண்டிங் ஆயிற்று. தைப்பிங் என்னும் சீனச் சொல்லுக்கு நிலைத்த அமைதி என்பது பொருள்.

ஸ்பீடி லாரூட்டின் உதவி ரெசிடெண்டாக நியமனம் பெற்றார். அவர் கொணர்ந்த 110 பேரும் அரசாங்கத்தின் ஆயுதப் போலீசாயினர். அப்படையே பின்னர் முதலாம் பேராக் சீக்கியர் படையாகவும், 1896-இல் மலாய் நாடுகளின் கைட்ஸ் படையாகவும் வளர்ந்து, 1919-இல் கலைக்கப்பட்டது. நிர்வாகத்தில் ஸ்பீடி ஆடம்பரப் பிரியர். தாராளமாகச் செலவழிக்கிறார் என்று மேலதிகாரி பர்ச் குறை கண்டார். அந்த பர்ச் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 1877-இல் ஸ்பீடியும் பதவி துறந்து மலாயாவை விட்டுப் போனார். பின்னர் சூடானிலும் அபிசீனியாவிலும் அலைந்தார். அவர் மனைவி அச்சூடான் பயணத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், வயது முதிர்ந்து, ஸ்பீடி இங்கிலாந்தில் காலமானார்.

அவரை நம்பியிருந்த இருவரின் கதி என்ன? இதையும் கேட்காமல் அவர் வாழ்க்கையை எடைபோடுவது நியாயமாகாது.

மந்திரி ஙா இப்ராஹீம், பர்ச் கொலையில் சம்பந்தம் உண்டென்று குற்றஞ்சாட்டப்பட்டு, சுல்தான் அப்துல்லாவுடன் 1877-இல் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆங்கிலேயரை நம்பித் தம் நாட்டுக்குள் அழைத்தவரே நாட்டை இழந்தார். மாத்தாங்கில் அவர் கட்டிய கோட்டையையே நீதிமன்றமாக்கி, கொலை வழக்கை விசாரித்தார்கள். அவர் 1895-இல் சிங்கப்பூரில் வஃபாத்தாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 111 ஆண்டுகளுக்குப் பின், 2006-இல், அவருடைய எச்சங்கள் சிங்கப்பூர் மையவாடியிலிருந்து எடுத்துவரப்பட்டு மாத்தாங் கோட்டை வளாகத்தில் மறுபடியும் நல்லடக்கம் செய்யப்பட்டன.

இளவரசர் அலமாயு ரக்பி பள்ளியிலும் ஸாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியிலும் மனம் ஒட்டாமல் வாழ்ந்து, நெஞ்சு நோய் கண்டு, 1879 நவம்பரில் 18 வயதில் லீட்ஸ் நகரில் மாண்டார். விண்ட்ஸர் தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். அவர் உடலைத் திருப்பித் தருமாறு எத்தியோப்பியா கேட்டது. அருகிலுள்ள மற்றப் புதைகுழிகளைக் கலைக்காமல் எடுக்க இயலாது என்று சொல்லி, 2023-இல் ஆங்கில அரண்மனை மறுத்துவிட்டது. அதே ஆண்டில் ஸ்பீடியின் குடும்ப வழியினர், தங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்துவந்த அந்தச் சிறுவனின் தலைமுடிக் கற்றை ஒன்றை எத்தியோப்பியாவிடம் ஒப்படைத்தார்கள்.

ஸ்பீடியை வீரர் என்று போற்றுவோரும் உண்டு. கூலிக்குப் போர் செய்தவர் என்று தூற்றுவோரும் உண்டு. அவர் துணிச்சலை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பிள்ளையிடம் அவர் காட்டிய பரிவும் பொய்யன்று. ஆனால் காவல் என்பது ஓர் அமானிதம். சம்பளம் தருபவர் மாறினாலும் அமானிதம் மாறாது. அடைக்கலமாக வந்தவரை இறுதிவரை காப்பதே காவலனின் கடமை.

தைப்பிங் செல்லும் நம் மக்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கி மாத்தாங் கோட்டைக்கும் போய் வரவேண்டும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மந்திரியின் கபுறருகே நின்று, அந்நிய மண்ணிலிருந்து அவர் வீடு திரும்பிய கதையையும், இன்னும் வீடு திரும்பாத அந்த ஹபஷாச் சிறுவனின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.