பாலைவனத்தைப் படித்தவர்

குழந்தைகளே! திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் போனால், கடற்கரை மணலில் அடம்பங்கொடி படர்ந்திருக்கும். மேற்கே செஞ்சி போனால், பாறை இடுக்கில் கள்ளி நிற்கும். கொடி பாறைக்குப் போகாதது ஏன்? நிலம் மாறினால் செடியும் மாறும். இதைப் பாலைவனத்திலேயே போய் ஆராய்ந்தவர் எதெல்பெர்ட் பிளாட்டர்.

பனிமலை நாடான சுவிட்சர்லாந்தில் 1877ஆம் ஆண்டு பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து துறவியானார். 1903இல் பம்பாய்க்கு வந்து, புனித சேவியர் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். 1919 முதல் 1924 வரை அக்கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார்.

பாலைவனம் என்றாலே வெறும் மணல் என்று பலரும் நினைக்கிறோம். பிளாட்டர் அப்படி நினைக்கவில்லை. நண்பர் ஹால்பெர்க்குடன் சேர்ந்து, தார் பாலைவனத்தில் ஜோத்பூர், ஜெய்சால்மர் பகுதிச் செடிகளை ஆராய்ந்தார். செடியின் பெயரோடு, அது முளைத்த நிலத்தையும் கவனித்தார்கள். நீர்நிலை, மணல், சரளை, பாறை, மனிதர் புழங்கும் இடம் என்று ஐந்தாகப் பிரித்தார்கள். மணற்குன்றில் போக் என்னும் புதர் வளரும். பாறைக் குன்றில் ஒருவகைக் கள்ளி வளரும். மணல் சமவெளியில் வன்னி மரம் ஆழமாக வேர்விட்டு நிற்கும். விருத்தாசலம் கோயிலில் தல மரமாக இருக்கிறதே, அதே வன்னிதான்! இன்று அது ராஜஸ்தானின் மாநில மரம்.

இந்த ஆய்வு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1918 முதல் 1921 வரை தொடராக வெளிவந்தது. பனை இனங்களைப் பற்றிய அவரது நூல் 1926இல் வந்தது. 1934இல் அவர் காலமானார். உலர்த்திய செடிகளைப் பாதுகாக்கும் கல்லூரிக் கூடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் எழுதி வைத்ததால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 1958இல் அந்தப் பாலைவனத்துக்குக் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். தண்ணீர் வந்தது, மணற்குன்றுகள் பல வயல்களாயின. மக்களுக்கு அது நன்மைதான். ஆனால் பழைய செடிகள் பல இடம் இழந்தன. முன்பு அங்கே என்ன வளர்ந்தது என்று அறிய, பிளாட்டரின் பட்டியல் நமக்குக் கைகொடுக்கிறது.

விழுப்புரம் பக்கத்து ஏரிக்கரைகளில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதற்கு முன் அங்கே என்னென்ன செடிகள் இருந்தன? தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த நிலத்தில் வளர்ந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்!