மின்னலை ஆய்ந்த மேதை

வில்லியனூர், பாகூர் வயல்களின் ஊடே மின்கம்பிகள் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். தொலைவிலுள்ள மின்நிலையங்களிலிருந்து அவற்றின் வழியே வருவது மாறுதிசை மின்னோட்டம் ஆகும். அம்மின்னோட்டத்தைக் கணக்கிடும் முறையை உலகிற்கு வகுத்தளித்த அறிஞர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்பவர்.

அவர் 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பிரெஸ்லாவு நகரில் பிறந்தார். அந்நாளில் பிரஷ்ய ஆட்சியில் இருந்த அந்நகரம் இந்நாளில் போலந்து நாட்டில் உள்ளது. பிறவியிலேயே அவருக்கு முதுகு கூனியிருந்தது, உருவமும் குறுகியது. ஆயினும் கணிதத்தில் அவர் ஒப்பற்று விளங்கினார். சமவுடைமைக் கொள்கையை ஆதரித்தமையால் அரசின் சினத்திற்கு ஆளாகி, 1888இல் தாயகம் துறந்தார். மறு ஆண்டு, கையில் பொருளின்றி அமெரிக்காவை அடைந்தார். உடற்குறை கண்டு துறைமுக அதிகாரிகள் தயங்கினர். உடன்வந்த நண்பர் பொறுப்பேற்றமையால் நாட்டினுள் நுழைய இசைவு பெற்றார். ஐக்கமேயர் என்பாரின் தொழிற்சாலையில் வரைபடம் தீட்டும் பணி கிடைத்தது.

மின்பொறிகளில் உள்ள இரும்பின் காந்தத்தன்மை, மாறுதிசை மின்னோட்டத்தால் நொடிதோறும் பலமுறை திசை மாறும். அப்போது ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகும். அவ்விழப்பு எவ்வளவு என்பதைப் பொறியைச் செய்து முடித்த பின்னரே அக்காலப் பொறியாளர் அறிந்தனர். மிகுதியாகச் சூடேறினால், செலவிட்ட பொருளும் உழைப்பும் பாழாகும். ஸ்டைன்மெட்ஸ் பல வகை இரும்புகளை அளந்தறிந்து, 1892இல் அவ்விழப்பிற்குரிய விதியை வெளியிட்டார். 1893இல், கடினமான மின்னோட்டக் கணக்குகளைச் சிக்கலெண்களால் எளிதில் தீர்க்கும் வழியையும் காட்டினார். அதுமுதல், பொறியை இரும்பில் வார்க்குமுன் தாளிலேயே சோதித்தல் இயல்வதாயிற்று.

பின்னர் அவர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்து, ஸ்கெனெக்டடி நகரில் வாழ்ந்தார். மின்தடங்களுக்குப் பெரும்பகை மின்னல். அது எங்கு, எப்போது தாக்கும் என யாவரே அறிவர்? எனவே 1922இல் 1,20,000 வோல்ட் மின்னழுத்தம் உடைய செயற்கை மின்னலை ஆய்வுக்கூடத்தில் தோற்றுவித்தார். மரக்கட்டைகள் பிளந்தன, பீங்கான்கள் நொறுங்கின. தடங்களைக் காக்கும் கருவிகள் தாங்குமா என்பதை, ஊர் இருளில் மூழ்குமுன்னரே ஆராய்ந்து அறிய அது துணைசெய்தது.

அந்நகரக் கல்விக் கழகத்தின் தலைவராகவும் அவர் தொண்டாற்றினார். 1923 அக்டோபர் 26ஆம் நாள் அவர் மறைந்தார்.

புதுச்சேரியில் 2012இல் அறிவார்ந்த மின்தொகுப்பு முன்னோடித் திட்டம் தொடங்கப்பெற்றது. இன்று பொறியாளர்கள் ஒரு மின்தொகுப்பு முழுவதையும் கணிப்பொறியினுள் உருவகப்படுத்துகின்றனர். புயலில் கம்பி அறுந்தால் யாது நேரும், முகில் மறைத்துச் சூரிய மின்சாரம் குறைந்தால் யாது நேரும் என முன்னரே சோதிக்கின்றனர். அக்கணக்குகளில் ஸ்டைன்மெட்ஸின் முறை இன்றும் பயின்று வருகிறது. ஆய்வுக்கூடத்தில் நேரும் பிழை ஒரு கருவியோடு முடியும். ஊரில் நேரும் பிழையோ பல உயிர்களை வருத்தும். ஆதலின் வருமுன் ஆராய்தலே அறிவுடையோர் செயலாகும்.