கணித மேதை எம்மி நோய்தர்

எம்மி நோய்தர் என்னும் பெயரை நான் முதலில் அறிந்தது கணித நூலில் அன்று. எங்கள் கணினி ஆய்வுக்கூடத்தில்தான்.

முழு எண்களை வரிசைப்படுத்த சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு கிளாஸ் எழுதியிருந்தேன். பிறகு தசம எண்களுக்கு ஒன்று, பெயர்களுக்கு ஒன்று என அதையே படியெடுத்தேன். ஒன்றில் பிழையைத் திருத்தினால் மற்ற இரண்டிலும் அது அப்படியே கிடக்கும். பார்த்த பேராசிரியர், மூன்றையும் ஒரே டெம்ப்ளேட்டாக மாற்றச் சொன்னார். வரிசைப்படுத்துவதற்கு உறுப்புகளிடம் உண்மையில் தேவைப்படும் குணம் எது என்பதை முதலில் யோசிக்கவும் சொன்னார். யோசித்தால், இரண்டில் எது சிறியது என்று தெரிந்தால் போதும். அவை எண்களாக இருக்க வேண்டியதே இல்லை! இந்தக் கேள்வியின் பூர்வீகம் நோய்தர் அம்மையார் என்றார். சி பிளஸ் பிளஸின் டெம்ப்ளேட் நூலகத்தை உருவாக்கிய அலெக்சாண்டர் ஸ்டெபனோவ், 2014இல் டேனியல் ரோஸுடன் எழுதிய நூலில் அம்மையாரின் வரலாற்றையும் சொல்லியிருக்கிறார்.

அம்மையார் 1882 மார்ச் 23 அன்று ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை மாக்ஸ் நோய்தர் கணிதப் பேராசிரியர். ஆயினும் அந்நாளில் அங்கே பெண்கள் மாணவராகப் பதிவு செய்துகொள்ள இயலாது. ஆசிரியர் அனுமதித்தால் வகுப்பில் அமர்ந்து கேட்கலாம், அவ்வளவே. 1900 முதல் அப்படிக் கேட்டவருக்கு 1904இல்தான் எர்லாங்கனில் முறையான இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வருகைப் பதிவேட்டில் என் எண்ணை அழைக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

1907இல் பால் கோர்டனிடம் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டில் 331 கோவைகளைக் கையாலேயே கணக்கிட்டு அடுக்கியிருந்தார். (மூன்று கிளாஸ்களுக்கே எனக்குக் கை வலித்தது.) பின்னாளில் அந்த உழைப்பை அவரே மதிக்கவில்லை.

எர்லாங்கனில் 1915 வரை சம்பளமின்றிப் பணி. அவ்வாண்டு ஹில்பர்ட்டும் கிளைனும் கோட்டிங்கனுக்கு அழைத்தனர். பெண் என்பதால் ஆசிரியர் குழுவில் எதிர்ப்பு எழவே, ஹில்பர்ட் பெயரில் அறிவித்த வகுப்புகளை இவர் நடத்தினார். தம் பெயரில் நடத்தும் உரிமை 1919இல் வந்தது.

1921இல் வந்தது அவருடைய பெரிய கட்டுரை. அதற்கு முன், பல்லுறுப்புக் கோவைகளைப் பகுப்பதற்கு லாஸ்கர் நிறுவிய தேற்றம் ஒன்று இருந்தது. அந்த நிறுவல் கோவைகளின் எந்தக் குணத்தைச் சார்ந்து நிற்கிறது என்று பார்த்தார் அம்மையார். ஐடியல் எனப்படும் கணங்கள் ஒன்றையொன்று அடக்கி வளர்ந்துகொண்டே போகும் வரிசை எங்காவது நின்றாக வேண்டும். அந்த ஒரு நிபந்தனையே போதும் என்று கண்டார். பிறகு எண்ணானால் என்ன, கோவையானால் என்ன? நிபந்தனை பொருந்தும் பரிமாற்று வளையம் எதற்கும் தேற்றம் பொருந்தும். நிறுவல் ஒன்றே.

யூதர் என்பதால் 1933இல் நாஜி அரசு அவரைப் பதவி நீக்கியது. வீட்டிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அவ்வாண்டே அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரிக்குச் சென்றார். 1935 ஏப்ரல் 14 அன்று, அறுவை சிகிச்சைக்குப் பின், 53ஆம் வயதில் மறைந்தார்.

என் டெம்ப்ளேட் எண்களுக்கும் பெயர்களுக்கும் ஓடியது. மாணவர் பட்டியலைக் கொடுத்தபோதோ திரை நிறையப் பிழைச் செய்திகள்! இரண்டு மாணவர்களில் யார் முன்னே என்று நான் எங்கும் சொல்லவில்லை. மதிப்பெண்ணா, பதிவு எண்ணா என்று சற்று நேரம் தயங்கி, பதிவு எண் என்று எழுதினேன். ஓடியது.