சாரலோடு வரும் பிறந்த நாள்

குட்டீஸ், ஜூலை மாதம் வந்தாலே குற்றாலத்தில் சாரல் களை கட்டிவிடும். ஐந்தருவி, பழைய அருவி என்று எங்கும் கூட்டம்தான்! அதே மாதம் 15-ஆம் தேதி உங்கள் பள்ளியில் ஒரு தாத்தாவின் பிறந்த நாளைக் கொண்டாடுவார்கள். கல்வி வளர்ச்சி நாள் என்று அதற்குப் பெயர். யார் அவர்? சரியாகச் சொன்னீர்கள், காமராஜர்!

பள்ளிகள் திறந்தார், மதிய உணவு போட்டார் என்று பேச்சுப் போட்டியில் நீங்களே பேசியிருப்பீர்கள். ஆனால், கிராமத்துக் கிணற்றில் ஓடும் மோட்டாருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. அது தெரியுமா?

காமராஜர் 1903-ல் விருதுநகரில் பிறந்தார். ஆறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா சிவகாமி அம்மாள் சிரமப்பட்டுத்தான் குடும்பத்தை நடத்தினார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான் சிறுவன் காமராஜ். பிறகு சுதந்திரப் போராட்டத்தில் குதித்தார். சுமார் ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையில் புத்தகங்கள் வாசித்து ஈடு செய்தார்.

1954 ஏப்ரலில் அவர் சென்னை மாநில முதலமைச்சர் ஆனார். (தமிழ்நாடு என்ற பெயர் பிறகுதான் வந்தது.) அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினராக இல்லை. முதலமைச்சராகத் தொடர வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் தேர்தலில் ஜெயித்தாக வேண்டும். குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். அடுத்து 1957-லும் 1962-லும் சாத்தூர் மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

சட்டமன்றத்தில் என்ன செய்வார்கள்? சட்டம் போடுவார்கள். அதோடு, அரசின் பணத்தை எதற்குச் செலவு செய்வது என்றும் முடிவு செய்வார்கள். வீட்டில் அம்மா மாதச் செலவுக்குக் கணக்குப் போடுவது மாதிரிதான். கையில் இருப்பதோ கொஞ்சம், தேவையோ அதிகம். அப்போது எதை முதலில் செய்வது?

காமராஜர் ஏழை வீட்டில் இருந்து யோசித்தார். 1953-ல் கொண்டுவரப்பட்ட அரைநேரப் பள்ளித் திட்டம் 1954-ல் கைவிடப்பட்டது. பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று பார்த்தால், காரணம் பசி! ஆடு மாடு மேய்த்தால் கூழாவது கிடைக்கும், பள்ளிக்குப் போனால் என்ன கிடைக்கும்? பள்ளியிலேயே சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்று முடிவு செய்தார். பணத்துக்கு எங்கே போவது என்று சிலர் தயங்கினார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களையும் கை கொடுக்கச் செய்தார். மக்கள் பள்ளிகளுக்குப் பெஞ்சும் பலகையும் கொடுத்தார்கள்.

சரி, இப்போது மோட்டாருக்கு வருவோம். அந்தக் காலத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கமலை கட்டி இறைப்பார்கள். இரண்டு மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கும். பெரிய தோல் பையில் தண்ணீர் மேலே வரும். ஆலங்குளம், சங்கரன்கோவில் மாதிரி வானம் பார்த்த பூமியில் கிணறுதான் பல விவசாயிகளுக்குக் கதி. நாள் முழுக்க இறைத்தாலும் கொஞ்சம் நிலம்தான் நனையும். அதற்கும் ஆள் வேண்டுமே! வீட்டுப் பிள்ளைகளும் வேலைக்கு நிற்க வேண்டியதுதான்.

கிணற்றில் மோட்டார் வைத்தால் இந்தப் பாடு இல்லை. ஆனால் மின்சாரம் வேண்டுமே? பைக்காராவில் 1932-லும், மேட்டூரில் 1937-லும், பாபநாசத்தில் 1944-லும் நீர்மின் நிலையங்கள் வந்திருந்தன. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கும். குற்றால அருவியின் அடியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தண்ணீருக்கு எவ்வளவு வலு என்று உங்கள் முதுகே சொல்லும்!

இருந்த மின்சாரம் போதவில்லை. காமராஜர் ஆட்சியில் நீலகிரியில் குந்தா மின் நிலையம் வந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் வேலை மத்திய அரசின் நிறுவனம் மூலம் நடந்தது. 1957-ல் மாநில மின்சார வாரியம் அமைந்தது. ஆயிரக்கணக்கான கிராமங்களுக்கு மின்கம்பிகள் போயின. கமலை ஓடிய கிணறுகளில் மோட்டார் ஓடியது. அம்பாசமுத்திரம் பக்கம் மணிமுத்தாறு அணையும் அவர் ஆட்சியில்தான் கட்டி முடிக்கப்பட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டை, 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் மாநிலத்தோடு இணைந்தது. அப்போதும் முதலமைச்சர் காமராஜர்தான். ஆனால் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. அதை அவர் தடுத்திருக்க வேண்டும் என்று குறை சொன்னவர்களும் உண்டு.

ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவர், தன் வீட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? விருதுநகரில் அம்மா இருந்த வீட்டுக்கு மட்டும் தனியாகக் குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். அது காமராஜருக்குத் தெரிந்ததும் குழாயை எடுக்கச் சொல்லிவிட்டார். எல்லாரும் தெருக்குழாயில் பிடிக்கும்போது தன் அம்மாவுக்கு மட்டும் எதற்குத் தனிக் குழாய் என்பது அவர் எண்ணம்.

1963-ல் பதவியைத் தானாகவே விட்டு விலகினார். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தி அன்று, சென்னை தியாகராய நகரில் தான் குடியிருந்த வாடகை வீட்டில் காலமானார். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவருக்குச் சொந்த வீடு இல்லை!

அவர் தொடங்கிய மதிய உணவு 1982-ல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது.

குட்டீஸ், அடுத்த முறை குற்றாலம் போகும்போது வழியில் பச்சை வயலையும் மோட்டார் ரூமையும் பார்த்தால் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த மோட்டார் ஓடுவதால், மாட்டை ஓட்ட நின்றிருக்க வேண்டிய ஒரு பையனோ பெண்ணோ இன்று உங்களைப் போலப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகலாம் அல்லவா?