கடதாசிக் கொக்குகள் செய்த சிறுமி – சடாகோ சசாகி (1943 – 1955)

மாணவர்களே, சிறு காய்ச்சல் வந்தாலே நாம் சோர்ந்துவிடுகின்றோம். பன்னிரண்டு வயதில் கொடிய நோயை எதிர்கொண்ட யப்பானியச் சிறுமி ஒருத்தியைப் பற்றி இங்கு அறிந்துகொள்வோம்.

சடாகோ சசாகி 1943 ஜனவரி 7ஆம் திகதி பிறந்தாள். 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோசிமா நகரின் மீது அமெரிக்கா அணுகுண்டு வீசியபோது அவளுக்கு இரண்டு வயது. குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர் தூரத்திலேயே அவளது வீடு இருந்தது. எனினும் வெளிக்காயம் எதுவுமின்றி உயிர் தப்பினாள். பாடசாலையில் அவள் வேகமாக ஓடக்கூடியவள். வகுப்பின் அஞ்சலோட்டக் குழுவிலும் இடம்பெற்றாள்.

1954ஆம் ஆண்டின் இறுதியில் அவளது கழுத்தில் வீக்கம் தோன்றியது. பின்னர் கால்களில் ஊதா நிறப் புள்ளிகள் காணப்பட்டன. கதிர்வீச்சின் தாக்கம் ஒன்பது ஆண்டுகளின் பின்னர் குருதிப் புற்றுநோயாக வெளிப்பட்டது. 1955 பெப்ரவரியில் அவள் செஞ்சிலுவைச் சங்க வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டாள். நோயின் பெயரைப் பெற்றோர் அவளிடம் கூறவில்லை. ஆனால், அவளோ தன் குருதிப் பரிசோதனை முடிவுகளை ஒரு தாளில் இரகசியமாகக் குறித்து வந்தாள். தன் நிலையை அறிந்திருந்தும் பெற்றோர் முன் அழுது புலம்பவில்லை.

ஆயிரம் கொக்குகள் செய்தால் நினைத்தது கைகூடும் என்பது யப்பானியர் நம்பிக்கை. இதனை அறிந்த சடாகோ, மருந்து சுற்றிய தாள்களையும் பரிசுப் பொதிகளின் தாள்களையும் சேகரித்துக் கொக்குகள் செய்யலானாள். அவள் 644 கொக்குகளே செய்தாள் எனச் சிறுவர் கதையொன்று கூறுகின்றது. உண்மையில் அவள் ஆயிரத்தைக் கடந்தாள் எனக் குடும்பத்தினர் தெரிவித்துள்ளனர். ஆயிரம் நிறைவேறியும் நோய் தணியவில்லை. அப்போதும் அவள் மனம் தளராது, மேலும் சிறிய தாள்களை எடுத்து மடித்தாள். அவளது துணிவை இங்கேயே நீங்கள் காண வேண்டும்.

1955 ஒக்டோபர் 25ஆம் திகதி சடாகோ உயிர் நீத்தாள். அவளது வகுப்புத் தோழர்கள் நாடெங்கும் நிதி திரட்டினர். அதன் பயனாக 1958 மே 5ஆம் திகதி ஹிரோசிமா சமாதானப் பூங்காவில் சிறுவர் நினைவுச்சின்னம் திறந்து வைக்கப்பட்டது. பெரியோர் நடத்திய போருக்குப் பலியான சிறுவர்களை அது நினைவூட்டுகின்றது. யுத்தம் ஓய்ந்த பின்னரும் அதன் பாதிப்பு ஓய்வதில்லை என்பதை நீங்களும் மனத்திற் கொள்ளுங்கள்.

பயிற்சி வினாக்கள்
1. சடாகோவுக்கு ஏற்பட்ட நோய்க்குக் காரணம் யாது?
2. கொக்குகள் செய்வதற்கு அவள் பயன்படுத்திய தாள்கள் யாவை?
3. சடாகோவின் மனவுறுதியைக் காட்டும் இரு செயல்களை எழுதுக.